புதுப்பிப்பு: ரெகுலேட்டர் 'உஸ்' சத்தம் நின்றது

அப்பாவுக்கு வாங்கிய ஆக்சிஜன் ரெகுலேட்டரை (சிலிண்டரின் அழுத்தத்தைக் குறைத்துத் தரும் கருவி) சிலிண்டரில் மாட்டி வால்வைத் திறந்ததுமே இணைப்பில் காற்று கசிகிறது என்று போன வாரம் கேட்டிருந்தேன். ரெகுலேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. உள்ளே இருக்கும் சின்ன வாஷர் நசுங்கிப் போயிருந்தது. நசுக்கியது நான்தான், ஸ்பேனர் போட்டு இறுக்கி! இந்த வகையைக் கையால் இறுக்கினாலே போதுமாம். புது வாஷர் போட்டதும் சரியாகிவிட்டது.

"கொஞ்சம் கிரீஸ் தடவிப் பாருங்க" என்று ஒருவர் சொல்லியிருந்தார். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன் பட்டால் எண்ணெயும் கிரீஸும் தீப்பொறி இல்லாமலே பற்றிக்கொள்ளும். கையில் க்ரீம் இருந்தால்கூட நான் இப்போது கழுவிவிட்டுத்தான் தொடுகிறேன்.

வெல்டிங் ரெகுலேட்டர் விலை குறைவு, அதையே வாங்கலாமா என்று கேட்டவருக்கு: வேண்டாம். அது அழுத்தத்தைத்தான் காட்டும். நமக்குத் தேவை நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு. மருத்துவ ரெகுலேட்டரிலும் வாங்கும் முன் சிலிண்டர் வால்வைப் பாருங்கள். ரெகுலேட்டரின் சின்ன ஊசிகள் வால்வின் துளைகளில் பொருந்தும் 'பின்' (pin) வகை என்றால், எண்ணிட்ட இடங்களில் ஆக்சிஜனுக்கு 2, 5 ஆகியவற்றில்தான் துளை இருக்கும்.

ஃப்ளோவை (ஆக்சிஜன் வரும் அளவை) பூஜ்யத்தில் வைத்து, வால்வை மெதுவாகத் திறக்கிறேன். டாக்டர் சொன்ன அளவை மாற்றுவதில்லை.