சர்குலேஷன் மேனேஜர் இதழியல் பேராசிரியர் ஆக வழி உண்டுங்களா?

பவானிக்கரை: வணக்கமுங்க. ஈரோட்டுல எங்க மாமாவுக்கு வயசு 51. தமிழ் நாளிதழ் ஒண்ணுல 24 வருஷம். சேல்ஸ், சர்குலேஷன் (பத்திரிகை விநியோகம்)னு போயி இப்ப யூனிட் மேனேஜர். எம்.ஏ. தமிழ், 58 சதவீதம். கோவை, சேலம் பக்கம் இதழியல் வாத்தியாரா போகணும்ங்கிறார். நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வு) எழுதினாப் போதுங்களா? இத்தனை வருஷ அனுபவத்துக்கு நேரா பேராசிரியர் பதவி கிடைக்குங்களா?

நொய்யல்வாசி: நெட்டுக்கு வயசு தடையில்லைங்க. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு உச்ச வரம்பே கிடையாது, ஜே.ஆர்.எஃப்.ங்கிற ஆய்வு உதவித்தொகைக்குத்தான் உண்டு. சிக்கல் எம்.ஏ. தமிழ்லதான். முதுகலை எந்தப் பாடமோ அதுலதான் நெட் எழுத விடுவாங்க. அவர் எழுதினா தமிழ்த் துறைக்குத்தான் தகுதி வரும். இதழியல் துறை நேர்காணல்ல சான்றிதழ் சரிபார்க்கும்போதே தள்ளிருவாங்க.

அதனால முதல்ல எம்.ஏ. இதழியல். வேலையை விடாம இக்னோவுல (இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) அஞ்சல் வழியில படிக்கலாம், ரெண்டு வருஷம். 55 சதவீதம் கட்டாயம், இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு 50. கடைசி வருஷத்துலயே நெட் எழுதலாம். முடிவு வந்த ரெண்டு வருஷத்துக்குள்ள பட்டத்தைக் காட்டணும். முதல் தாள் 50 கேள்வி, ரெண்டாவது 100, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம், நெகட்டிவ் மார்க் இல்லை. இதழியல் தாள் இங்கிலீஷ்லயும் இந்தியிலயும்தான் வரும். பத்திரிகைக்காரங்க வழுக்குறது தொடர்பியல் கோட்பாட்டுலயும் ஆய்வு முறையியல்லயும்தான். தொழில் தெரிஞ்ச தைரியத்துல அதைப் புரட்டாமலே போயிடறாங்க.

சிறுவாணி: 24 வருஷம்கிறது இணைப் பேராசிரியர் பதவிக்கு அப்படியே சேராதுங்க. பல்கலைக்கழக மானியக் குழுவோட (யு.ஜி.சி.) 2018 விதிப்படி அதுக்கு பி.எச்டி.யும், உதவிப் பேராசிரியருக்குச் சமமான கற்பித்தல் அல்லது ஆய்வுப் பணியில 8 வருஷமும் வேணும். பேராசிரியருக்கு மட்டும் ஒரு பக்கவாசல் இருக்கு: தொழில்துறையில சிறந்து விளங்கினவர், 10 வருஷ அனுபவம். ஆனா அங்கயும் பி.எச்டி. கேக்கறாங்க.

பட்டம் கட்டாயமில்லாத வழி ஒண்ணுதான், 2022ல வந்த 'பிராக்டிஸ் பேராசிரியர்'. 15 வருஷ அனுபவம், அதுவும் மேல்நிலைப் பொறுப்புல இருந்தா நல்லது. முதல்ல ஒரு வருஷம், நீட்டிச்சா மொத்தம் மூணு வரை, விதிவிலக்கா இன்னொண்ணு, அத்தோட சரி. அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள்ல 10 சதவீதத்துக்கு மேல போட முடியாது. நிரந்தரம்னு நினைச்சு வேலையை விட்டுட்டு வரச் சொல்லாதீங்க. பாரதியார், பெரியார் பல்கலைக்கழகத் துறைகள்ல சுயவிவரத்தோட எழுதிக் கேக்கலாம்.

அனுபவச் சான்றிதழை இப்பவே வாங்கி வைக்கச் சொல்லுங்க. 'இங்கே பணிபுரிந்தார்'னு ஒத்தை வரியில இருந்தா செல்லாது. எந்தத் தேதியிலிருந்து எதுவரை எந்தப் பதவி, எந்தப் பிரிவுன்னு தனித்தனியா வேணும்.

பவானிக்கரை: நன்றிங்க. சர்குலேஷன் ஆளு நிருபர் இல்லையேன்னு ஒதுக்கிருவாங்களோன்னு ஒரு பயம்.

தறிமேடு: அது குறையே இல்லைங்க, விற்கத் தெரியணும் அவ்வளவுதான். அமெரிக்காவுல நைட் ரிடர் பத்திரிகைக் குழுமத்துல செய்தி, விற்பனை ஆய்வுக்கு இயக்குநரா இருந்த பிலிப் மேயர் 1981ல நார்த் கரோலினா பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியரா போனார். பத்திரிகையோட தரத்துக்கும் விற்பனைக்கும் என்ன தொடர்புன்னு எண்களை வெச்சுத் தேடினவர். உங்க மாமா கையில இருக்கறதும் அந்த மாதிரிச் சரக்குதான்.

டெமோ வகுப்புல பழைய கதை சொல்ல ஆரம்பிச்சா தேர்வுக்குழு கடிகாரத்தைப் பாக்கும். பதிலா ஒரு கணக்குப் போடச் சொல்லுங்க. 45 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 45 கிராம்) நியூஸ்பிரிண்ட், அதாவது பத்திரிகைக் காகிதம், நாலு பக்கம் கொண்ட ஒரு ஷீட் சுமார் 70க்கு 56 செ.மீ. எடை 17.6 கிராம். 16 பக்கத்துக்கு நாலு ஷீட், பிரதிக்கு 70 கிராம் சொச்சம். ஒரு டன்னுக்கு ஏறத்தாழ 14,000 பிரதி. அப்புறம் கேள்வியைப் போடணும்: நிஜத்துல ஏன் அவ்வளவு வராது? மெஷின் ஓட ஆரம்பிச்சு கலர் சேருற வரைக்கும் வர்றது கழிவு, ரோல் அறுந்தா கழிவு, கடைசியில ஏஜென்ட் திருப்பி அனுப்புற கட்டும் கழிவு. நாலு பக்கம் கூட்டினா செலவு எவ்வளவு ஏறும், அதை ஈடுகட்ட எத்தனை சதுர செ.மீ. விளம்பரம் பிடிக்கணும்னு பசங்களையே போட வைக்கலாம். கரூர் காகிதபுரம் டி.என்.பி.எல். காகித ஆலை கரும்புச் சக்கையில நியூஸ்பிரிண்ட் செஞ்ச ஊருக்காரங்க நாம, வகுப்பு சூடு பிடிக்கும்.

1867 சட்டத்துக்குப் பதிலா 2023 பத்திரிகைப் பதிவுச் சட்டம் 2024 மார்ச்சுல அமலுக்கு வந்திருச்சு. பழைய நோட்ஸை வெச்சுப் பாடம் நடத்தினா அங்க மாட்டிக்குவார். அதைப் படிச்சுட்டுப் போகச் சொல்லுங்க.