மறு: டெய்சி செயின் – மாலையா, சரமா?

வணக்கம் அனைவருக்கும். ‘டெய்சி செயின்’ என்றால் கருவிகளை ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வயரால் வரிசையாக இணைத்துக்கொண்டே போவது. அதற்குத் தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்பதுதான் இங்கே பேச்சு.

> ‘மாலையிணைப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாம். டெய்சியும் பூதானே, மூலத்துக்கும் பக்கமாக இருக்கிறது.

பக்கம்தான் ஐயா, அதுதான் தொல்லை. இந்தச் சொல்லால் எனக்கு ஒரு ராத்திரித் தூக்கம் போயிருக்கிறது.

சுங்கை சிப்புட்டில் ஒரு மண்டபம். எட்டு பவர் ஆம்ப் (ஒலிபெருக்கிகளுக்கு ஒலியைப் பெருக்கித் தரும் கருவி). எல்லாவற்றையும் ஒரே லேப்டாப்பிலிருந்து கட்டுப்படுத்த ஆர்எஸ்-485 என்ற தரத்தில் வயரிங். பாட்டு போகும் வயர் வேறு. இதில் போவது வெறும் கட்டளை: ஒலியைக் குறை, மியூட் செய், சூடு எவ்வளவு என்று சொல். கூட வந்த தம்பியிடம், “மாலை மாதிரி ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கோத்துக்கொண்டே போ” என்றேன். தோட்டத்துப் பிள்ளை, கோயிலுக்கு மாலை கட்டி வளர்ந்தவன். எட்டாவது ஆம்பிலிருந்து வயரை இழுத்து முதலாவதில் செருகி, மாலையை அழகாக முடித்துவிட்டான். திரையில் ஆம்புகள் தெரிவதும் மறைவதுமாக இருந்தன. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு மீட்டரை வைத்தால் 120 ஓம். இரண்டு முனையிலும் டெர்மினேட்டர் (வயரின் முனையில் போடும் 120 ஓம் மின்தடை) இருந்தால் 60-ஐ ஒட்டிக் காட்ட வேண்டும். கேட்டால், “கடைசி எதுன்னே தெரியலண்ணே, அதான் ஒன்னு மட்டும் போட்டேன்” என்கிறான். அவன்மேல் என்ன தப்பு? மாலைக்குக் கடைசி ஏது?

ஆகவே என் பரிந்துரை: சரத்தொடுப்பு.

சரத்துக்கு இரண்டு முனை உண்டு. பூக்கடை அக்கா முழம் போட்டு அறுத்துக் கொடுப்பது சரம்தான். கழுத்தில் விழுந்தால்தான் மாலை. அந்த இரண்டு முனையிலும்தான் 120 ஓம் வேண்டும். இல்லாவிட்டால் போன சமிக்ஞை முனையில் மோதித் திரும்பி, பின்னால் வருவதோடு கலந்துவிடும். காலி மண்டபத்தில் மைக்கில் பேசினால் எதிரொலி கேட்குமே, அது மாதிரி. இன்னொரு பொருத்தமும் இருக்கிறது. பூவை நாரோடு ஒட்டித்தான் கட்டுவார்கள், நீளக் காம்பு தொங்கவிட மாட்டார்கள். இந்த வயரிங்கிலும் முதன்மைக் கம்பியிலிருந்து பிரிந்து போகும் துண்டு குட்டையாக இருக்க வேண்டும்.

> பேசாமல் ‘தொடரிணைப்பு’ என்றால் என்ன?

வேண்டவே வேண்டாம். அது பள்ளிப் பாடத்தில் வேறொன்றுக்குப் போய்விட்டது: ஒரு பல்பு போனால் எல்லாம் அணைகிற இணைப்பு. ஆர்எஸ்-485 பார்வைக்குத்தான் வரிசை. மின்கணக்கில் எல்லா ஆம்பும் அதே இரண்டு கம்பிகளுக்குக் குறுக்கே பக்க இணைப்பில் இருக்கின்றன. அதனால்தான் நடுவில் ஒன்றை அணைத்தாலும் மற்றவை பாட்டுக்கு வேலை செய்கின்றன.

நிரல் எழுதுகிறவர்கள் சண்டைக்கு வருமுன் சொல்லிவிடுகிறேன். நிரலில் எழுத்துகளின் தொடரான ஸ்ட்ரிங்குக்குச் ‘சரம்’ என்று ஏற்கெனவே புழங்குவது தெரியும். அதனால்தான் தனிச் சரமாக விடாமல் ‘தொடுப்பு’ சேர்த்தேன்.

அப்புறம், இந்தக் கட்டளை வயரிங்குக்குச் சொல்லும் ‘கட்டுப்பாட்டு வலை’ என்ற சொல்லும் எனக்கு உறுத்துகிறது. நிறைய ஆம்பில் இதற்கும் கணினி நெட்வொர்க் வயர் செருகும் அதே ஆர்ஜே-45 துளைதான். ‘வலை’ என்றதும் ஆட்கள் நேராக நெட்வொர்க் சுவிட்சில் கொண்டுபோய்ச் செருகுகிறார்கள். ஈத்தர்நெட் செப்புக் கம்பியில் 100 மீட்டர்தான். இது மெதுவான வேகத்தில் 1200 மீட்டர் வரை போகும். துளை ஒன்றானாலும் சாதி வேறு. ‘கட்டளைத் தடம்’ சரியா? அதைத் தனித் திரியில் பேசுவோம்.

டெர்மினேட்டருக்கு ‘முனைத்தடை’ என்று போட்டிருக்கிறேன். முதன்மைக் கம்பியிலிருந்து பிரியும் அந்தத் துண்டான ஸ்டப்புக்கு ‘காம்பு’. ‘கிளை’தான் வேண்டும் என்பவர்கள் காரணத்தோடு எழுதுங்கள். அந்தத் தம்பி காம்புக்கு ஓட்டுப் போட்டுவிட்டான்.