பழச்சக்கை நார் சேர்த்த மக்கும் நெகிழி: சொல் பற்றி மீண்டும்

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைப் பணியாளர்களுக்கான எங்கள் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பழத்தோல், கொட்டை ஆகியவற்றின் நாரைக் கலந்து செய்யப்படும், மண்ணோடு மக்கிவிடும் உணவுத் தட்டுக்கும் பொட்டல உறைக்கும் உரிய மூலப்பொருளை என்னவென்று அழைப்பது என்பதே நான் கேட்டிருந்த கேள்வி.

'உயிரி நெகிழி' போதும் என்று பலர் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது உடன்பாடில்லை. கரும்பு எத்தனாலிலிருந்து செய்யும் பாலிஎத்திலீன் பிறப்பால் உயிரி, ஆனால் மக்காது. பெட்ரோலிய வழி வரும் பி.பி.ஏ.டி. என்னும் நெகிழி மக்கும். எதிலிருந்து வந்தது என்பதும் எப்படி முடியும் என்பதும் வெவ்வேறு செய்திகள். கையேட்டைப் படிக்கும் பணியாளருக்கு இரண்டாவதுதான் முதலில் தெரிய வேண்டும்.

சென்னை அம்மையார் முன்வைத்த 'மட்குநெகிழி', 'ஊறுகாய்' என்ற சொல்லைப் போல அழகான வினைத்தொகை. ஆனால் வினைத்தொகை காலத்தை மறைத்து நிற்பது. இப்பொருளுக்கோ காலமே உயிர். தொழில்முறை உரமாக்கலில் 180 நாள்களுக்குள் 90 விழுக்காட்டுக் கரிமம் கரியமில வாயுவாக மாற வேண்டும் என்று ஐ.எஸ்.ஓ. 17088 என்னும் பன்னாட்டுத் தரநிலை கேட்கிறது. மாவுச்சத்து, சர்க்கரை ஆகியவற்றிலிருந்து செய்யும் பி.எல்.ஏ. என்னும் நெகிழி அவ்வாறு சிதைவதற்கு ஏறத்தாழ 58 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உரக்குவியல் வேண்டும், எங்கள் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணைக்கரையில் வீசினால் நெடுநாள் அப்படியே கிடக்கும். எனவே 'மக்கும்' என்று பெயரெச்சமாகவே எழுதி, எந்த நிலையில் மக்கும் என்பதை அடுத்த வரியில் விளக்கலாம்.

மட்கு என்பதே திருத்தமான வடிவம் என்பதை மறுக்கவில்லை. வெட்கம் பேச்சில் வெக்கம் ஆனதைப் போன்றதே இதுவும். ஆயினும் எங்கள் ஊர்க் குப்பைத் தொட்டிகளில் 'மக்கும் குப்பை' என்றுதான் எழுதியிருக்கிறது. நெகிழியை 'ஞெகிழி' ஆக்க வேண்டும் என்ற மதுரை நண்பருக்கு ஒரு வேண்டுகோள்: குறுந்தொகையில் ஞெகிழி என்பது கொள்ளிக்கட்டை, தட்டுக்கு அப்பெயர் வேண்டாம்.

எனக்கு மிகவும் பிடித்துப்போன சொல் சக்கை. 'பழக்கழிவு' என்று அச்சிட்ட தட்டில் எவர் சோறு உண்பார்? சாறும் கூழும் எடுத்தபின் நிற்கும் நார்ப்பகுதியைக் கரும்பிலும் நாம் சக்கை என்றுதானே சொல்கிறோம். பெங்களூரா மாம்பழத்தின் கொட்டையை உடைத்தால் ஓட்டில் நார் இருக்கிறது, உள்ளே பருப்பில் மாவுச்சத்து இருக்கிறது. அந்த மாவுச்சத்தைப் பசையாக்கி, காரக் கரைசலில் வேகவைத்து லிக்னின் என்னும் மரப்பொருளை நீக்கிய நாரை அதில் சேர்ப்பது, சேற்றில் வைக்கோல் மிதித்துச் சுவர் வைப்பதற்கு ஒப்பானது. நார் வலுவைக் கூட்டும். ஆனால் ஈரத்தை இழுக்கும். குழம்பு ஊற்றும் தட்டுக்கு இன்னும் மேற்பூச்சு தேவைப்படுவது அதனால்தான்.

குமரி மாவட்டத்தில் சக்கை என்றால் பலாப்பழம் என்று நாகர்கோவில் ஐயா எழுதியது உண்மையே. அங்கே இச்சொல் தடுமாற்றம் தரும். அவர் பரிந்துரைத்த 'பழ எச்சம்' பொருளில் பிழையற்றது, ஆனால் எங்கள் ஆலைகளில் அதை எவரும் பேசமாட்டார்கள்.

வியாழன் மாலைக்குள் இதனினும் நல்ல சொல் வராவிட்டால் 'பழச்சக்கை நார் சேர்த்த மக்கும் நெகிழி' என்றே அச்சிடுவேன். நீளம்தான், ஐயாவின் மறுப்பையும் அடிக்குறிப்பில் சேர்த்துவிடுகிறேன்.

அன்புடன்,
காவேரிப்பட்டணத்திலிருந்து