4 இலக்க 7 செக்மென்ட் டிஸ்ப்ளே: "1" பளிச், "8" மங்கல் (ராஸ்பெர்ரி பை)

பை_பழகுநர்:
வணக்கம். ராஸ்பெர்ரி பை 3 சிறு கணினியில் 0.56 அங்குல, 4 இலக்க, சிவப்பு, காமன் கேத்தோடு (ஓர் இலக்கத்தின் எல்லா எல்இடி-களின் எதிர்முனையும் ஒரே காலில் சேரும் வகை) டிஸ்ப்ளே ஒன்றை நேரடியாக இணைத்திருக்கிறேன். 12 கால் உள்ள வகை. புள்ளியையும் சேர்த்து 8 செக்மென்ட் கால்களிலும் தலா ஒரு 330 ஓம் ரெசிஸ்டர். காமன் கால்கள் நான்கும் (12, 9, 8, 6) நேராக பை-யின் ஜிபிஐஓ பின்களுக்கு (புரோகிராமால் ஹை, லோ ஆக்கும் பின்கள்) போகின்றன, நடுவில் எதுவும் இல்லை. பைத்தான் லூப்பில் ஒவ்வோர் இலக்கத்தையும் 5 மில்லிசெகண்ட் எரியவிட்டு அடுத்ததற்குப் போகிறேன்.

11:11 காட்டும்போது ஓரளவு நன்றாகத் தெரிகிறது. 08:38 வந்தால் பகல் வெளிச்சத்தில் படிக்க முடியவில்லை. 1-உம் 8-உம் அருகருகே வரும்போது வித்தியாசம் அப்பட்டமாகத் தெரிகிறது. கூடவே 10 வினாடிக்கு ஒருமுறை டிஎஸ்18பி20 வெப்ப சென்சாரைப் படிக்கும்போது டிஸ்ப்ளே முழுவதும் முக்கால் வினாடி அணைந்துவிடுகிறது. ரெசிஸ்டரை 100 ஓமாகக் குறைத்தால் சரியாகுமா?

சுழல்வேகம்:
ஸ்லீப்பை (லூப் காத்திருக்கிற நேரம், வினாடில) 0.005-லிருந்து 0.001 ஆக்கிப் பாருங்க. லூப் வேகமா சுத்தினா பிரகாசம் கூடும்.

ஓம்_கணக்கு:
வேகத்தைக் கூட்டினால் நடுக்கம் குறையும், பிரகாசம் கூடாது. நான்கு இலக்கம் மாறி மாறி எரியும்போது ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது கால் பங்கு நேரம்தான். ஒரு சுற்று 20 மில்லிசெகண்டில் முடிந்தாலும் 4-இல் முடிந்தாலும் அந்தக் கால் பங்கு மாறாது. 20 மில்லிசெகண்ட் என்பது 50 ஹெர்ட்ஸ். கண்ணைத் திருப்பும்போது துடிப்பு தெரியும். அதற்காக வேண்டுமானால் 2 மில்லிசெகண்ட் வையுங்கள்.

உங்கள் சிக்கலின் துப்பு "1 பளிச், 8 மங்கல்" என்பதிலேயே இருக்கிறது. 1-க்கு இரண்டு செக்மென்ட், 8-க்கு ஏழு. செக்மென்ட்டுக்குச் செக்மென்ட் ரெசிஸ்டர் இருந்தும் எண்ணிக்கை கூடும்போது எல்லாம் சேர்ந்து மங்குகிறதென்றால், அவை ஒன்றுகூடும் இடத்தில்தான் அடைப்பு. அதாவது காமன் பின். (ரெசிஸ்டரைச் செக்மென்ட்டில் போடாமல் காமன் காலில் போட்டவர்களுக்கும் இதே அறிகுறிதான் வரும். உங்களுடையது அப்படி இல்லை.)

ஊகிப்பதை விட அளந்துவிடலாம். புரோகிராம் ஓடும்போது அளக்காதீர்கள். மல்டிமீட்டர் சராசரியைத்தான் காட்டும், அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. லூப்பை நிறுத்திவிட்டு ஒரே ஓர் இலக்கத்தில் 8-ஐ நிலையாக எரியவிடுங்கள். ஒன்று, காமன் பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையே எத்தனை வோல்ட்? இரண்டு, ஏதாவது ஒரு 330 ஓம் ரெசிஸ்டரின் இரு முனைக்கும் இடையே எத்தனை வோல்ட்? பிறகு அதே இடத்தில் ஒரே ஒரு செக்மென்ட்டை மட்டும் எரியவிட்டு இரண்டையும் மறுபடி பாருங்கள். சட்டென அளந்துவிட்டு அணைத்துவிடுங்கள், அந்தப் பின்னுக்கு இது நல்லதல்ல.

பை_பழகுநர்:
8 எரியும்போது காமன் பின்னில் 0.58 வோல்ட், ரெசிஸ்டரில் 0.80. ஒரு செக்மென்ட் மட்டும் எரியும்போது காமனில் 0.1, ரெசிஸ்டரில் 1.2.

ஓம்_கணக்கு:
அதேதான். 0.80-ஐ 330-ஆல் வகுத்தால் செக்மென்ட்டுக்கு 2.4 மில்லிஆம்பியர். ஏழும் சேர்ந்து 17. அத்தனையையும் ஒற்றை ஜிபிஐஓ பின் விழுங்குகிறது. பை-க்குப் பொதுவாகக் கடைப்பிடிக்கும் எல்லை பின் ஒன்றுக்கு 16, எல்லாப் பின்களும் சேர்த்து 50 மில்லிஆம்பியர். சுமை ஏறியதும் பின் 0 வோல்ட்டில் நிற்க முடியாமல் 0.58-க்கு எழும்பிவிட்டது. இருப்பதோ 3.3 வோல்ட், அதில் சிவப்பு எல்இடி 1.8-க்கு மேல் எடுத்துக்கொள்கிறது. மிச்சமிருக்கும் ஒன்றரை வோல்ட்டில் அரை வோல்ட்டுக்கு மேல் காமன் பின்னிலேயே போய்விட்டால் ரெசிஸ்டருக்கு என்ன மிஞ்சும்?

எனவே 100 ஓம் வேண்டாம். வெளிச்சம் கொஞ்சம் கூடும். ஆனால் காமன் பின் வழியே 25 மில்லிஆம்பியருக்கு மேல் ஓடும். பை-யின் சிப்பைக் காவு கொடுத்து வாங்கும் வெளிச்சம் அது.

செய்ய வேண்டியது: ஒவ்வொரு காமன் காலுக்கும் ஒரு பிசி547 என்பிஎன் டிரான்சிஸ்டர், ஆக நான்கு. பின்னுக்குப் பதில் மின்னோட்டத்தை அதுவே சுவிட்ச் போலத் தாங்கும். அதன் மூன்று கால்களில் கலெக்டர் டிஸ்ப்ளேயின் காமன் காலுக்கு, எமிட்டர் கிரவுண்டுக்கு, பேஸ் 1 கிலோ ஓம் வழியாக ஜிபிஐஓ-வுக்கு. பேஸ் மின்னோட்டம் ஏறத்தாழ 2.6 மில்லிஆம்பியர் வரும். டிரான்சிஸ்டர் முழுதாகத் திறக்க அது தாராளம். கையில் இருக்கிறதே என்று 10 கிலோ ஓம் போட்டால் பேஸுக்கு 0.26-தான் கிடைக்கும், டிரான்சிஸ்டர் அரைகுறையாகத் திறந்து 8 மறுபடி மங்கக்கூடும்.

செக்மென்ட் ரெசிஸ்டரை 220 ஓமாக மாற்றிக்கொள்ளுங்கள். செக்மென்ட்டுக்குச் சுமார் 5 மில்லிஆம்பியர், எட்டும் எரிந்தால் 40. மொத்த எல்லைக்குள் நிற்கும். அதற்குக் கீழே போக வேண்டாம்.

பலரும் தடுக்கி விழும் இடம் கால் வரிசை. பிசி547-இன் தட்டையான முகம் நம்மைப் பார்த்திருக்க, கால் கீழே இருக்க, இடமிருந்து வலம் கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222 என்ற இன்னொரு என்பிஎன் டிரான்சிஸ்டரில் அப்படியே தலைகீழ். திருப்பிப் போட்டாலும் எரியும், ஆனால் மங்கலாக! தலைகீழ் டிரான்சிஸ்டருக்குப் பெருக்கம் மிகக் குறைவு, அதனால். ஓர் இலக்கம் மட்டும் மங்கினால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

புரோகிராமிலும் ஒரு மாற்றம்: இதுவரை காமன் பின்னை லோ ஆக்கினால் இலக்கம் எரிந்தது, இனி ஹை ஆக்கினால்தான் எரியும். மாற்ற மறந்தால் எந்நேரமும் மூன்று இலக்கம் சேர்ந்து எரிந்து எண்கள் கூழாகிவிடும்.

இழைநூல்:
சென்சார் விஷயம் மட்டும் நான் சொல்றேன். டிஎஸ்18பி20 12 பிட் துல்லியத்துல ஒருதடவை வெப்பத்தை மாத்திக் கொடுக்க 750 மில்லிசெகண்ட் வரைக்கும் எடுத்துக்கும். சென்சார் மதிப்பு வர்ற ஃபைலை நீங்க படிக்கிற அந்த ஒரு வரி அவ்வளவு நேரமும் அங்கேயே காத்துக் கிடக்கும், லூப் நின்னுடும், டிஸ்ப்ளே அணைஞ்சுடும். சென்சார் படிக்கிறதைத் தனி த்ரெட்ல (புரோகிராமுக்குள்ளேயே கூடவே ஓடுற தனி வேலை) போட்டு மதிப்பை ஒரு மாறில எழுத வைங்க. டிஸ்ப்ளே லூப் அந்த மாறியைப் பார்த்தா போதும். ஃபைலுக்குக் காத்திருக்கும்போது பைத்தான் மத்த த்ரெட்டை ஓட விடும், அதனால இது ஒழுங்கா வேலை செய்யும். 9 பிட்டுக்கு இறக்கினா 94 மில்லிசெகண்ட்தான், ஆனா அப்பவும் ஒரு சிமிட்டல் தெரியும்.

தாமிரக்கம்பி:
டிரான்சிஸ்டர் போட்டாலும் செக்மென்ட்டின் சராசரி மின்னோட்டம் 1.25 மில்லிஆம்பியர்தான். வீட்டுக்குள் போதும். ஜன்னலோர வெயிலில் படிக்க வேண்டுமென்றால் மேக்ஸ்7219 போடுங்கள். காமன் கேத்தோடு டிஸ்ப்ளேக்கென்றே செய்த சிப். செக்மென்ட் மின்னோட்டத்தை நிர்ணயிக்கும் ஐசெட் காலுக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 27 அல்லது 28 கிலோ ஓம் வைத்தால் செக்மென்ட்டுக்கு உச்சம் 20 மில்லிஆம்பியர் அளவில் வரும், நான்கு இலக்கத்தில் சராசரி 5. ஸ்கேன் லிமிட்டை (எத்தனை இலக்கத்தைச் சுற்றி வர வேண்டும் என்ற அமைப்பு, எண்ணுவது 0-விலிருந்து) 3 என்று எழுத மறக்காதீர்கள். 7 என்று விட்டால் இல்லாத நான்கு இலக்கத்துக்கும் நேரம் போய் வெளிச்சம் பாதியாகும். இன்டென்சிட்டி (பிரகாச அளவு) 0 முதல் 15 வரை. மின்சாரம் கொடுத்ததும் 0-வில்தான் எழும்.

அதற்குக் குறைந்தது 4 வோல்ட் வேண்டும், 3.3-இல் ஓட்ட முடியாது. 5 வோல்ட்டில் ஓட்டும்போது உள்ளீட்டில் 3.5 வோல்ட் எதிர்பார்க்கும், பை தருவது 3.3. பல பேருக்கு ஓடுகிறது, ஆனால் உத்தரவாதம் இல்லை. நடுவில் 3.3 வோல்ட் சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தித் தரும் 74எச்சிடி125 சிப் ஒன்று போட்டால் கவலையில்லை.

நீலம், வெள்ளை டிஸ்ப்ளே வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்த எல்இடி-க்கே 3 வோல்ட் போய்விடும். 3.3-இல் நேரடியாக எரிக்கப் பார்ப்பது வீண் வேலை.

பை_பழகுநர்:
நான்கு பிசி547, 220 ஓம், எல்லாம் மாற்றியாகிவிட்டது. 8 எரியும்போது கலெக்டரில் 0.1 வோல்ட், ரெசிஸ்டரில் 1.1. 1-உம் 8-உம் ஒரே வெளிச்சம். த்ரெட் போட்டதும் அணைவதும் நின்றுவிட்டது. இப்போது ஒரு இலக்கத்தின் நிழல் அடுத்த இலக்கத்தில் லேசாகத் தெரிகிறது, அது ஏன்?

ஓம்_கணக்கு:
வரிசை தவறியிருக்கும். முதலில் பழைய இலக்கத்தின் டிரான்சிஸ்டரை அணையுங்கள், பிறகு எட்டு செக்மென்ட்டையும் லோ ஆக்குங்கள், அதன்பின் புதிய எண்ணை எழுதுங்கள், கடைசியில் புதிய இலக்கத்தைத் திறங்கள். இலக்கம் திறந்திருக்கும்போதே செக்மென்ட்டை மாற்றினால் நிழல் விழத்தான் செய்யும். இரவில் வெளிச்சம் அதிகம் என்று தோன்றினால் ரெசிஸ்டரைத் தொட வேண்டாம். 2 மில்லிசெகண்டில் அரை மட்டும் எரியவிட்டு மீதி ஒன்றரையை அணைத்து வையுங்கள்.