ஆபரேஷன் ஜெய்விக்: வெற்றியை ஏன் மறைத்தார்கள்?

கேள்வி:
1943 செப்டம்பரில் சிங்கப்பூர் துறைமுகத்தில் ஜப்பானியக் கப்பல்களைத் தகர்த்த (அதுதான் ஆபரேஷன் ஜெய்விக்) நேச நாடுகளின் ரகசியக் கமாண்டோ படையான இசட் ஸ்பெஷல் யூனிட் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவிலிருந்து அவ்வளவு தூரம் மாட்டிக்கொள்ளாமல் எப்படிப் போனார்கள்? ஜெயித்த பிறகும் நேச நாடுகள் ஏன் வாயே திறக்கவில்லை? அந்த மௌனத்தால்தான் சிங்கப்பூரின் சாங்கி சிறையில் ஜப்பானியர்கள் அடைத்துவைத்திருந்த கைதிகள் சித்திரவதைப்பட்டார்கள் என்கிறார்களே, உண்மையா?

பதில் 1:
போனது கிரெய்ட் என்ற மரப்படகில். முன்பு ஜப்பானியர்களின் மீன்பிடிப் படகாக இருந்ததுதான், அதனால் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. மேஜர் ஐவன் லயன் தலைமையில் 14 பேர், உடம்பில் பழுப்புச் சாயம், இடுப்பில் சாரோங், மேலே ஜப்பான் கொடி என்று மேற்கு ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவிலிருந்து கிளம்பி இன்றைய இந்தோனேசியாவின் லொம்பொக் நீரிணை வழியாகப் போனார்கள். துறைமுகத்துக்குள் நுழைந்தது ஆறு பேர் மட்டும். செப்டம்பர் 26 இரவு மூன்று சிறு துடுப்புப் படகுகளில் போய், கப்பல்களின் அடியில் காந்த வெடிகளை ஒட்டிவிட்டு விடிவதற்குள் நழுவிவிட்டார்கள். ஏழு கப்பல்களைத் தாக்கியதாக அவர்கள் கணக்கு. எனக்குப் பெரிய ஆச்சரியம், 14 பேரும் உயிரோடு திரும்பியதுதான்.

பதில் 2:
மறைத்ததற்குக் காரணம், அதே வழியில் மறுபடியும் போகத் திட்டமிருந்தது. வந்த வழி தெரிந்தால் அடுத்தமுறை காவல் பலமாகிவிடும்.

பதில் 3:
சாங்கி விஷயத்தில் தேதிகளைப் பாருங்கள். கப்பல்கள் வெடித்தது உள்ளூர் ஆட்களும் சிறையில் இருந்தவர்களும் சேர்ந்து செய்த சதி என்று நம்பிய ஜப்பானிய ராணுவப் போலீசான கெம்பெய்தாய் அக்டோபர் 10 அன்று சாங்கி சிறைக்குள் புகுந்தது. 57 பேரைப் பிடித்துப்போனார்கள், 15 பேர் இறந்தார்கள். கிரெய்ட் எக்ஸ்மவுத் திரும்பியது அக்டோபர் 19. அதனால் மௌனம்தான் கைதுகளுக்குக் காரணம் என்பது பொருந்தாது. ஆனால் சித்திரவதை மாதக்கணக்கில் நீண்டதே, சிங்கப்பூரில் வாழ்ந்த எலிசபெத் சோய் போன்றவர்களை விசாரணை என்ற பெயரில் வதைத்தார்களே, அந்தக் காலம் முழுக்க வாய்மூடி இருந்ததற்கு என்ன நியாயம்? எனக்கு மனசு ஒப்பவில்லை.

கேள்வி கேட்டவர்:
தேதி விவரத்துக்கு நன்றி, நான் அதைக் கவனிக்கவே இல்லை. சரி, அந்த அடுத்த பயணம் என்ன ஆனது?

பதில் 2:
1944 இல் ஆபரேஷன் ரிமாவ், 23 பேர், மறுபடி லயன்தான் தலைமை. தாக்குவதற்கு முன்பே ஒரு ரோந்துப் படகோடு துப்பாக்கிச் சண்டையாகிக் குட்டு வெளிப்பட்டது. தீவு தீவாக வேட்டையாடப்பட்டு லயன் உட்பட பலர் இறந்தார்கள். பிடிபட்டவர்களில் பத்துப் பேரை 1945 ஜூலை 7 அன்று சிங்கப்பூரில் தலை வெட்டிக் கொன்றார்கள். ஒருவர்கூட ஊர் திரும்பவில்லை.