இதய-நுரையீரல் பம்ப்பில் ஏறியதும் மருந்துக் கணக்கு மாறுகிறது: உங்கள் அனுபவம்?

நான் மயக்க மருத்துவர். இதய அறுவை தியேட்டருக்கு வந்த முதல் வருடம், வால்வு மாற்றும் கேஸ் ஒன்று. உடலை 32 டிகிரிக்குக் குளிர்வித்து வால்வு வைத்து முடித்தாகிவிட்டது. அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் பம்ப் வழியாக ரத்தத்தைச் சூடேற்றிக்கொண்டிருந்தோம். திரைக்கு இந்தப் பக்கம், நோயாளியின் நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. துடைத்தேன், மறுபடியும் துளிர்த்தது. மயக்கத்தின் ஆழத்தை எண்ணாகக் காட்டும் பிஸ் மானிட்டர், அதுவரை 40-ஐ ஒட்டி நின்றது, 62 காட்டியது; எண் ஏறினால் மயக்கம் லேசாகிறது என்று அர்த்தம்.

"ஐசோஃப்ளூரேன் எவ்வளவு போகுதுன்னு பாரும்மா" என்றார் சீனியர் மேடம். அது மயக்க வாயு; பம்ப்பில் ரத்தத்துக்கு ஆக்சிஜன் ஏற்றும் ஆக்சிஜனேட்டருக்குப் போகும் வாயுவில் அதைக் கலந்துதான் கொடுக்கிறோம். குளிர்ந்த மூளைக்குக் கொஞ்சம் போதும் என்று குறைத்து வைத்தது அப்படியே இருந்தது. உடல் சூடானால் மூளைக்கும் கூடுதலாக வேண்டும், மந்தமாகிக் கிடந்த கல்லீரலும் மற்ற மருந்துகளை வேகமாகக் கழிக்கத் தொடங்கும். அதை நான் மறந்திருந்தேன். அளவைக் கூட்டி, தூக்க மருந்தான மிடசோலமும் கொடுத்ததும் எண் இறங்கியது. சூடேறும்போது வியர்ப்பது சாதாரணம்தான். ஆனாலும் மயக்கம் லேசாகிவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தசைத் தளர்த்தி கொடுத்த ஆளால் விரலைக்கூட அசைத்துக் காட்ட முடியாது.

மறுநாள் பயந்துகொண்டே போய்க் கேட்டேன். "ஊசி போட்டது வரைக்கும்தாம்மா ஞாபகம்" என்றார் பெரியவர். எனக்கு உயிரே திரும்பி வந்தது.

*

மேடம், நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், அந்தப் பம்ப்பை ஓட்டுபவர். என் பக்கத்திலிருந்து பார்த்தால் கதை இன்னும் முன்னாலேயே தொடங்குகிறது. பம்ப்பை ஓட்டிய உடனே, கருஞ்சிவப்பாக வரும் ரத்தம் பம்ப்பின் குழாய்களில் முன்கூட்டியே நிரப்பி வைக்கும் எங்கள் பிரைமிங் திரவத்தோடு கலந்து வெளிறுவதைக் கண்ணாலேயே பார்ப்பேன். வளர்ந்த ஒருவர் உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம், நாங்கள் சேர்ப்பது ஒன்றரை லிட்டர். மருந்தும் நீர்த்துப்போகும், அதைப் பிடித்துவைக்கும் ரத்தப் புரதமான ஆல்புமினும் நீர்த்துப்போகும். அதனால்தான் புரோபோஃபால் என்ற மயக்க மருந்தின் மொத்த அளவு குறைந்தாலும், எதோடும் ஒட்டாமல் வேலை செய்யும் பங்கு அந்த அளவுக்குக் குறைவதில்லை. வலி மருந்தான ஃபென்டனில் வேறு மாதிரி. டியூபிலும் ஆக்சிஜனேட்டரிலும் ஒட்டிக்கொள்ளும். நுரையீரலில் தேங்கி நின்ற பங்கும், அங்கே ரத்தம் மறுபடி ஓடும்போது கொஞ்சம் திரும்பி வரும்.

எனக்கு மனசு பதறுவது குழந்தைகளுக்கு ஓட்டும்போதுதான். 5 கிலோக் குழந்தைக்கு மொத்த ரத்தமே 400 மில்லிதான். சின்ன சர்க்யூட் போட்டாலும் பிரைமிங் அதில் பாதிக்கு மேல் வந்துவிடும். அப்போது செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கை பிரைமிங்கிலும் சேர்க்க வேண்டுமா என்று தியேட்டரில் நான் வாய்விட்டுக் கேட்காமல் இருந்ததில்லை.

*

ஐசியு நர்ஸ் நான். எங்களிடம் வந்த பிறகும் இது முடிவதில்லை. பைபாஸ் முடிந்து வந்த ஒரு அண்ணாவுக்கு முதல் இரண்டு மணி நேரம் நெஞ்சிலிருந்து ரத்தத்தை வெளியேற்றும் டிரெயினில் மணிக்கு 50 மில்லிதான். அப்புறம் ஒரே மணியில் 200. டியூபைத் தொட்டால் சூடாக இருந்தது. தையல் விட்டுவிட்டதோ என்று கை நடுங்கியது. ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஏசிடி பார்த்தால் ஏறியிருக்கிறது. பம்ப்பில் ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினை முறிக்கத் தியேட்டரிலேயே புரோட்டமின் கொடுத்தாகிவிட்டதே என்று கேட்டேன். புரோட்டமின் சீக்கிரம் கழிந்துவிடும், புரதங்களிலும் திசுக்களிலும் ஒட்டியிருந்த ஹெப்பாரின் மெல்ல வெளியே வரும் என்றார் டாக்டர். இன்னொரு 50 மில்லிகிராம் புரோட்டமினை மெதுவாக ஏற்றினோம். அடுத்த மணி 70, அதற்கடுத்து 40. ஒவ்வொரு முறையும் அந்த அண்ணாவின் மனைவியிடம் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து, ரத்தம் குறைகிறது என்று விரலைக் காட்டிச் சொன்னேன்.