மறதிநோயால் இரவில் உறங்காத அம்மாவுக்கு அக்குபஞ்சர் செய்யலாமா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு 76 வயது. அல்சைமர் நோய் என்று உறுதியாகி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. சில மாதங்களாக இரவு இரண்டு மணிக்கு எழுந்து, "பால்காரர் வந்துவிட்டார், தூக்குவாளியை எடு" என்று சொல்லிக்கொண்டே வாசல் தாழ்ப்பாளைத் தேடுகிறார். அழைத்துவந்து படுக்கவைத்தால் அரைமணி நேரத்தில் மறுபடியும் எழுந்துவிடுகிறார். பகலெல்லாம் நாற்காலியிலேயே உறக்கம். மறதிநோய்க்கான டோனெபெசில் மாத்திரை, இரத்த அழுத்த மாத்திரை, இரத்தம் உறையாமலிருக்க ஒரு மாத்திரை ஆகியவற்றை இரவு உணவுக்குப் பின் கொடுக்கிறோம். உறவினர் அழைத்துச் சென்ற அக்குபஞ்சர் சிகிச்சையாளரோ, நாடி பார்த்துவிட்டு, எல்லா மாத்திரைகளையும் நிறுத்தினால்தான் பலன் கிடைக்கும் என்கிறார். என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரவுப்பணி:
முதியோர் மருத்துவப் பிரிவில் செவிலியராகப் பணிபுரிகிறேன். தயவுசெய்து ஒரு மாத்திரையைக்கூட நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். இரத்த அழுத்த மாத்திரையும் உறைதல் தடுப்பு மாத்திரையும் நின்றுபோனால் பக்கவாதம் வரக்கூடும்.

தூக்கமின்மைக்கான அக்குபஞ்சர் பற்றிய 33 ஆய்வுகளை 2012இல் தொகுத்துப் பார்த்த, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் கோக்ரேன் என்ற பன்னாட்டு அமைப்பின் குழு, அவற்றின் தரம் போதாததால் ஆதரித்தோ எதிர்த்தோ உறுதியாகச் சொல்ல இயலாது என்றே முடிவு செய்தது. மறதிநோயாளர்களிடம் செய்யப்பட்டவையோ இன்னும் சிறிய ஆய்வுகள். அக்குபஞ்சர் ஊசி குத்திக்கொள்ளச் செய்ய விரும்பினால், உறைதல் தடுப்பு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லி, மருத்துவரின் ஒப்புதலோடு, நீங்கள் அருகிலேயே அமர்ந்திருக்கும்போது மட்டும் செய்யுங்கள். வலிக்கிறது என்று சொல்லத் தெரியாதவர், ஊசியைத் தாமே பிடுங்கிவிடவும் கூடும்.

அதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். டோனெபெசிலை இரவில் கொடுத்தால் சிலருக்கு உறக்கம் கலையும், கனவுகள் மிகத் தெளிவாக வந்து மிரட்டும். காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மூட்டுவலி ஆகியவையும் இப்படி எழுப்பும். கடையில் கிடைக்கும், தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளைக் கொடுத்துவிடாதீர்கள். அவற்றில் பல, குழப்பத்தை அதிகமாக்கும்.

திண்ணை:
என் அப்பாவுக்கு மருத்துவரிடம் கேட்டுவிட்டு, ஊசி இல்லாமல் அழுத்தும் முறையைச் செய்துவந்தேன். உள்ளங்கைப் பக்கம், மணிக்கட்டு மடிப்பில் சுண்டுவிரலுக்கு நேராக ஒரு சிறு பள்ளம் இருக்கும். அக்குபஞ்சரில் அந்தப் புள்ளியை இதயம் 7 என்று சொல்வார்கள். படுக்கும் முன் அதைக் கட்டைவிரலால் மென்மையாக, ஒவ்வொரு கையிலும் ஓரிரு நிமிடம் அழுத்துவேன். முதலில் கையை உதறுவார். பிறகு விரல்கள் மெல்லத் தளர்ந்து என் விரலைப் பற்றிக்கொள்ளும். உறக்கம் தந்தது அந்தப் புள்ளியா, அல்லது பக்கத்தில் ஆள் இருக்கிறது என்ற நிம்மதியா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. அதே மாதத்தில்தான் காலை வெயிலில் திண்ணையில் உட்காரவைக்கவும், பகல் உறக்கத்தை அரைமணி நேரத்தோடு நிறுத்தவும் தொடங்கியிருந்தோம்.

வைகைக்கரை:
இருவருக்கும் நன்றி. மருத்துவர் டோனெபெசிலைக் காலைக்கு மாற்றி, சிறுநீர்ப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். மாத்திரையை நிறுத்தச் சொன்னவரிடம் இனிச் செல்லப்போவதில்லை. மணிக்கட்டை அழுத்துவதற்குத் தடையில்லை என்று மருத்துவர் சொன்னார். நேற்று இரவு கையைப் பிடித்தபோது அம்மா என்னைத் தன் அக்கா பெயர் சொல்லி அழைத்தார்; நான் திருத்தவில்லை. மூன்றரை மணிக்குத்தான் எழுந்தார்.